கைக்குட்டை வியாபாரி லண்டன் பார்லிமென்ட்டை உலுக்கியது தெரியுமா?

பழவேற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள்? ஏரியில் நிற்கும் பூநாரைக் கூட்டம். டச்சுக்காரர் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஏலம் போகும் இறால், நண்டு, மடவை. வெயில் ஏறினதும் பொன்னேரி வழியாகச் சென்னைக்கு பஸ். அவ்வளவுதான்! ஆனால் இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சதுரத் துணி, உலகத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் போய்ப் பெண்களின் தலையில் ஏறியது தெரியுமா? அந்தத் துணியை விற்ற பணத்தில் ஒருவர் பத்திரிகை நடத்தினார், சங்கம் கட்டினார், லண்டன் பார்லிமென்ட்டில் ஒரு வாதத்தைக் கிளப்பினார், கடைசியில் சென்னையின் முதல் சட்டசபையில் போய் உட்கார்ந்தார் என்பது தெரியுமா? அவர் பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. பள்ளிக்கூடப் பாடத்தில் அந்தப் பெயரைப் படித்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா?

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன்.

1786-இல் அமெரிக்காவின் லூசியானா, ஸ்பெயின் கையில் இருந்தது. அங்கே கவர்னராக இருந்த மிரோ ஓர் உத்தரவு போட்டார்: கறுப்பினப் பெண்கள் கூந்தலை அலங்கரித்துக்கொண்டு தெருவில் வரக் கூடாது, துணியால் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட துணியை எடுத்துப் புதுப்புது மடிப்பாகத் தலையில் கட்டினார்கள். அடக்கி வைக்கப் போட்ட உத்தரவு அழகுப் போட்டியாகிவிட்டது! அந்தத் தலைக்கட்டுக்குப் பேர்போன துணி எது? நம் கிழக்குக் கரையில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைதான். பழவேற்காட்டுக் கைக்குட்டை என்றும் அதற்குப் பெயர். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் லூசியா தீவில் இன்றைக்கும் பெண்களின் தேசிய உடை அந்தக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணிதான். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களும் இதை விடவில்லை. அங்கே பெண்கள் இந்தத் துணியை விரித்து, கூரான கத்தியால் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, நம் நெசவாளி நினைத்தும் பார்க்காத வேறொரு கோலத்தை அதே துணியில் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பழவேற்காடு என்ற பெயர் எப்படித் துணியில் ஒட்டியது? டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கால் வைத்தது 1639-இல்! அதற்கு 26 ஆண்டு முன்னதாகவே பழவேற்காடு சர்வதேசத் துறைமுகம். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டும் என்றால் அங்கே வெள்ளியைவிட நன்றாகச் செல்லுபடியானது நம் துணி. அதை இந்தக் கரையில்தான் வாங்கிக் கப்பலேற்றினார்கள். இந்தக் கோட்டைக்குள் நாணயமும் அச்சடித்தார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்; பஞ்சம் வந்த ஆண்டுகளில் அந்த வியாபாரம் பெருகியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் இன்று மிச்சம் அகழியும் முட்புதரும்தான்.

ஆங்கிலேயரிடம் பழவேற்காடு கைமாறியபோது லட்சுமிநரசுவுக்கு வயது 19. அவர் சென்னையில் பிறந்தது 1806. அதே 1806-இல்தான் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் காக்ரேன் கால்வாய் திறக்கப்பட்டது. பிறகு அது வடக்கே நீண்டு பழவேற்காட்டு ஏரியையே தொட்டது. பின்னாளில் 1876–78 பஞ்சத்தில் இன்னும் நீட்டி பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கால்வாயின் தொடக்கம் இது. ஏரிக்கரைச் சிப்பியும் விறகும் உப்பும் கருவாடும் படகேறிச் சென்னைக்கு வர வழி கிடைத்தது. அப்படிச் சரக்கு வந்து இறங்கும் நகரத்தில், ஒரு வியாபாரி வீட்டில் இந்தப் பையன் வளர்ந்தான். தகப்பனார் சித்துலு செட்டிக்கு அவுரி வியாபாரம், துணி வியாபாரம். மகன் கைக்குட்டை ஏற்றுமதியில் இறங்கிக் கைநிறையச் சம்பாதித்தார்.

பணம் வந்ததும் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தோட்ட வீடு கட்டுவார்கள், கோயிலுக்குத் தேர் செய்து கொடுப்பார்கள். லட்சுமிநரசு 1844-இல் ஒரு பத்திரிகையை வாங்கினார்! 'கிரெசென்ட்' என்று பெயரை மாற்றினார். ஆங்கிலப் பத்திரிகை. ஆசிரியராக உட்கார வைத்தது எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை. அவர் முன்னாள் ராணுவக்காரர். வெள்ளைக்கார அரசாங்கத்தைக் கேள்வி கேட்க ஒரு வெள்ளைக்காரரையே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது என்ன சாமர்த்தியம்! 'தி ஹிந்து' பிறந்தது 1878-இல். இது அதற்கும் 34 ஆண்டு மூத்தது. அரசாங்கத்துக்குப் பிடிக்குமா? பத்திரிகை வெளிவரும் செய்தியைத் தன்னுடைய கெஜட்டில் விளம்பரமாகப் போடக்கூட மறுத்துவிட்டது.

கிரெசென்ட் எதற்காகச் சண்டை போட்டது? அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கும் யோசனைக்கு எதிராக. மிஷனரிகளுக்கு அதிகாரிகள் காட்டிய சலுகைக்கு எதிராக. மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று வந்த சட்ட வரைவுக்கும் எதிராக. 1846-இல் சென்னையில் பெரிய கூட்டம் கூட்டி, லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களுக்கு மனு அனுப்பினார்கள். இந்தக் கட்டத்தில் எல்லாமே நமக்கு உவப்பாக இருக்காது. மதம் மாறியவரின் சொத்துரிமையைத் தடுக்கப் பார்த்ததில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த உரிமை 1850-இல் சட்டமாகவே வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டங்களில்தான் சென்னை ஒரு புது வித்தையைக் கற்றுக்கொண்டது: கூடுவது, தீர்மானம் போடுவது, கையெழுத்து வாங்குவது, கடலுக்கு அப்பால் அனுப்புவது.

அந்த வித்தையை வைத்து அடுத்து அவர் செய்ததுதான் பெரிய வேலை. 1852 பிப்ரவரி 26. சென்னை சுதேசிகள் சங்கம் பிறந்தது. மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்று அப்போது சொன்னார்கள். தென்னிந்தியாவின் முதல் அரசியல் அமைப்பு இதுதான்! காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 ஆண்டு இருக்கிறது. முதலில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷனுக்குக் கிளையாகத்தான் இது தொடங்கியது. சில மாதத்திலேயே தனியாக வந்துவிட்டது. ஏன் தெரியுமா? கல்கத்தாவில் ஜமீன்தார்களின் குரல் ஓங்கி இருந்தது. சென்னை மாகாணத்தின் நோவு வேறு. இங்கே பெரும்பாலான இடங்களில் ரயத்துவாரி. அரசாங்கமே நேராகக் குடியானவனிடம் வரி வசூலித்தது. நடுவில் ஆள் இல்லை. வலி நேரே வந்து இறங்கியது.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனியின் சாசனம் பார்லிமென்ட்டில் புதுப்பிக்கப்படும். அடுத்த முறை 1853. அந்தச் சமயம் பார்த்து மனு போய்ச் சேர வேண்டும் என்று சங்கம் கணக்குப் போட்டது. மனுவில் நிலவரி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சாலையும் பாசனமும் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: மொத்தர்பா.

மொத்தர்பா என்றால் தொழில்வரி. நெசவாளிக்குத் தறிமேல் வரி. தச்சருக்கும் கொல்லருக்கும் வரி. கடைக்காரருக்கு வரி, கடையே இல்லாமல் தெருவோரத்தில் கூடை வைத்து விற்கிறவருக்கும் வரி. சிலருக்கு விற்பதற்கான அனுமதிக்கு வரி, சிலருக்குக் கையிலிருக்கும் கருவிக்கே வரி. எவ்வளவு மலிவான கருவியாக இருந்தாலும் விடவில்லை என்று அந்த மனு முறையிட்டது.

மலிவான கருவி என்றால் எவ்வளவு மலிவு? அதைப் பழவேற்காட்டில் இன்றைக்கும் பார்க்கலாம். தண்ணீர் வற்றிய நேரத்தில் ஏரிக்குள் குந்தியபடியே நகரும் இருளர் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? வலை கிடையாது, படகு கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவித் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஒரே ஒரு பனையோலைப் பறி; அதன் வாரைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டு கையும் சேற்றுக்குள் வேலையாக இருக்கிறது. கழுத்து வரைக்கும் தண்ணீரில், மணிக்கணக்கில். விரல் நுனியெல்லாம் கீறல். அதற்குப் பிறகு கரைக்கு வந்து, பிடித்ததைக் கூடையில் கொட்டி விற்க வேண்டும். இப்படி அன்றாடம் கைப்பாட்டில் வாழும் ஜனங்களின் தொழில்மேல் வரி போடுவது எப்படிப்பட்ட கொடுமை என்பதைத்தான் சென்னைச் செல்வந்தர் ஒருவர் லண்டனுக்கு எழுதினார். அவர் வலை இழுத்தவர் இல்லை, சேற்றில் இறங்கியவரும் இல்லை. ஆனால் அவர் விற்ற ஒவ்வொரு கைக்குட்டையும் வரி கட்டிய ஒரு தறியிலிருந்து வந்தது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

1860-களின் தொடக்கத்தில் மொத்தர்பா ஒழிந்தது!

இப்போது கதையின் நடுநாயகமான பகுதிக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடிக்கிறேன். மனு போனதோடு லட்சுமிநரசு நிற்கவில்லை. ஹென்றி டேன்பி சீமோர் என்ற பார்லிமென்ட் உறுப்பினர் 1853-இல் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்தின் பூல் தொகுதிக்காரர், இந்திய சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர். அவரை லட்சுமிநரசு விருந்து வைத்து, மாலை போட்டு அனுப்பிவிடவில்லை. கூடவே கூட்டிக்கொண்டு மாகாணத்தின் உள்ளே கிளம்பிவிட்டார். ரயில் கிடையாது, சென்னையின் முதல் ரயில் ஓடியதே 1856-இல். மாட்டு வண்டியும் பல்லக்கும்தான். ஊர் ஊராகப் போய், குடியானவர்களை வரவழைத்து, வரி வசூல் எப்படி நடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

என்ன சொன்னார்கள் தெரியுமா? வரி பாக்கி என்றால் கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிக்கும் கருவி. அல்லது குனிய வைத்து, கழுத்தைக் கால் கட்டைவிரலோடு கயிற்றால் பிணைத்து, வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லைத் தூக்கி வைப்பதும் உண்டு. இதையெல்லாம் கள்வர்களுக்குச் செய்யவில்லை. சில ரூபாய் வரி பாக்கி வைத்த உழவர்களுக்குச் செய்தார்கள். செய்தவர் யார்? தாசில்தாரின் ஆட்கள். புகார் கொடுக்க யாரிடம் போவது? அதே தாசில்தாரிடம்! சென்னை மாகாணத்தில் 1816 முதல் வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் இருந்தன. அடித்தவனிடமே போய் அடித்தான் என்று முறையிட வேண்டும். இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

1854 ஜூலையில் சீமோர் லண்டன் பார்லிமென்ட்டில் எழுந்து இதைச் சொன்னார். சபையில் நம்பாதவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் சித்திரவதையா, பேச்சே இல்லை என்றார்கள் கம்பெனியின் ஆதரவாளர்கள். ஆனால் சும்மா விடவும் முடியவில்லை. இரண்டே மாதத்தில் சென்னையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர்.

கமிஷன் கதவைத் திறந்ததும் நடந்ததைக் கேளுங்கள். 1,959 புகார்கள்! நேரில் வந்து நின்றவர்கள் 519 பேர். கடிதத்தில் வந்தவை 1,440. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், யாரையோ பிடித்து எழுதி வாங்கித் தபாலில் போட்ட 1,440 கடிதங்கள். அடித்த தாசில்தார் அதே ஊரில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதியவை. சென்னைக்கு நடந்து வந்து, முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, இன்னார் என்னை இப்படிச் செய்தார் என்று சொன்ன அந்த 519 பேரை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அவர்களில் ஒருவருக்கும் சிலை கிடையாது.

1855 ஏப்ரலில் கமிஷன் அறிக்கை கொடுத்தது: ஆம், சித்திரவதை நடக்கிறது, மாகாணம் முழுக்க நடக்கிறது. ஆனால் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் கீழே இருக்கும் இந்திய ஊழியர்களின் வேலை என்று ஒரு நற்சான்றும் எழுதிவைத்தது. வசூல் கணக்கு எப்படியாவது நிறைய வேண்டும் என்று மேலிருந்து அழுத்தியவர்களை அந்த அறிக்கை தொடவே இல்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் அறிக்கை நின்ற இடத்தில் இன்னொருவர் பேனாவை எடுத்தார். யார் தெரியுமா? கார்ல் மார்க்ஸ்! 1857 செப்டம்பரில், வடக்கே சிப்பாய்க் கலகம் கொழுந்துவிட்டு எரியும்போது, அமெரிக்காவின் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் இந்தச் சென்னை அறிக்கையை வைத்தே ஒரு கட்டுரை வந்தது. இந்தியர்கள் கொடூரம் செய்கிறார்கள் என்று ஐரோப்பா கூச்சலிட்ட நேரத்தில், முதலில் இதைப் படியுங்கள் என்று தமிழ் உழவர்களின் வாக்குமூலத்தை எடுத்து வைத்தார் மார்க்ஸ். கைக்குட்டைத் துணி போன அதே அமெரிக்காவுக்கு, அந்த வியாபாரி கிளப்பிய விவகாரமும் போய்ச் சேர்ந்துவிட்டது!

இன்னொரு ஆச்சரியம் மிச்சம் இருக்கிறது. வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரிக்க வேண்டும் என்ற பேச்சு இந்த அறிக்கையால் வலுத்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தாரின் கையிலிருந்து லத்தி வாங்கப்பட்டது. அந்தச் சட்டம் இப்போது எங்கே தெரியுமா? தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859 என்ற பெயரோடு இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

லட்சுமிநரசு சட்டசபைக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஓர் ஒப்பீடு: அமெரிக்காவில் 1789-லேயே காங்கிரஸ் என்ற சட்டமன்றம் கூடிவிட்டது. பேர் தெரியாத ஊர்களிலிருந்து வக்கீல், வியாபாரி, பண்ணைக்காரர் என்று ஓட்டு வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். அங்கேயும் அப்போது பெரும்பாலான பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு இல்லை. ஆனாலும் உறுப்பினர் என்றால் வரவு செலவைக் கேட்கலாம், அரசாங்கத்தை மடக்கலாம். சென்னையில் நம் ஆள் ஒருவர் சட்டம் இயற்றும் மன்றத்தில் உட்கார 1861-இன் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் வர வேண்டியிருந்தது. தேர்தல் கிடையாது; கவர்னர் பார்த்து நியமிப்பதுதான். முதலில் வந்த இந்தியர் வேம்பாக்கம் சடகோபாச்சாரியார் என்ற வக்கீல். அவர் 1863-இல் காலமானதும் அந்த இடத்துக்கு வந்தவர் லட்சுமிநரசு.

எந்த அரசாங்கம் அவருடைய பத்திரிகையின் விளம்பரத்தைக்கூடப் போட மறுத்ததோ, அதே அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டது! சி.எஸ்.ஐ. என்ற இந்திய நட்சத்திரப் பட்டமும் கொடுத்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்யலாம் தெரியுமா? முன்னால் வைக்கும் மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். கேள்வி கேட்க உரிமை இல்லை. பட்ஜெட்டைப் பற்றி வாய் திறக்க முடியாது. அந்த இரண்டு உரிமையும் 1892-இல்தான் வந்தன, அதுவும் அரைகுறையாக. சபைக்கு வெளியே இருந்தபோது லண்டனையே கேள்வி கேட்டவருக்குச் சபைக்குள்ளே கவர்னரைக்கூடக் கேட்க முடியவில்லை. சட்டசபையில் அவர் ஐந்து ஆண்டு இருந்தும் வெளியே செய்த காரியங்களே பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பேச உரிமை என்றதும் பழவேற்காட்டின் இன்னொரு அதிசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாத காலத்திலிருந்து இந்த ஏரியில் பாடு முறை நடந்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக வரும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒரே மாதிரி வளம் இல்லை. அதனால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முறை வைத்துச் சுற்றி வரும். நேற்று நல்ல பாட்டில் சுத்துவலை கட்டியவர் இன்றைக்கு அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். தலைக்கட்டு என்ற ஊர் உறுப்பினர் பட்டியலில் பெயர் எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கு, பேச்சு. குறையும் உண்டு: தலைக்கட்டில் பெண்களுக்கு இடமில்லை, ஏரியை நம்பி வாழும் மற்ற சமூகத்தாருக்கும் இருளருக்கும் பாட்டில் உரிமை இல்லை, அதனால் சண்டையும் வழக்கும் வந்திருக்கின்றன. இருந்தாலும் 1863-இல் சென்னைச் சட்டசபையில் ஓர் உறுப்பினருக்கு இருந்த உரிமையைவிட, பங்கு பிரிக்கும் நாளில் கோட்டைக்குப்பத்தில் ஒரு வலைக்காரருக்கு இருந்த உரிமை பெரிது! தன் பங்கு ஏன் குறைந்தது என்று அவர் எழுந்து கேட்கலாம். ஊர்ப் பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

லட்சுமிநரசுவின் கடைசிக் காலம் மனத்தைப் பிசைகிறது. பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் மனுக்களுக்கும் வழிச்செலவுக்கும் கொட்டிய பணம் திரும்பி வரவே இல்லை. தீவுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன துணியில் சேர்ந்த செல்வமெல்லாம் கரைந்து, 1868-இல் வறுமையில் காலமானார். வயது 62. அவர் போனதோடு சங்கமும் ஓய்ந்துவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, இந்தியப் பெரியவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் அவருக்கும் ஒரு கட்டுரை ஒதுக்கினார். அவர் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைத்திருக்குமா?

அப்புறம் 1884-இல் சென்னை மகாஜன சபை என்ற புது அரசியல் சங்கம் பிறந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம். 72 பேர் கூடினார்கள். அங்கே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பம்பாய்க்காரரும் இல்லை, கல்கத்தாக்காரரும் இல்லை. சென்னையிலிருந்து போன 'ஹிந்து' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்! அந்தத் தீர்மானம் என்ன கேட்டது என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்: இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும், அதில் இந்தியர்களும் இருக்க வேண்டும். சென்னையில் 1854-இல் உட்கார்ந்த கமிஷனின் மூன்று பேரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை.